உயில் இல்லாவிட்டால் அம்மாவின் பங்கு எவ்வளவு? சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால் சொத்தெல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். போகாது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறப்புகள் என்று ஒருவர்கூட இல்லாத ஆளுக்குத்தான் சிங்கப்பூரில் அரசாங்கம் வாரிசு. நம் ஆட்களில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டம் பங்கு பிரிக்கும் விதம் ஒரு மாதிரி, நம் வீடுகளில் யார் யாரை நம்பி வாழ்கிறார்கள் என்பது இன்னொரு மாதிரி. அதில் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்பவர் இறந்தவரின் அம்மா.

1967-ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குப் பாதி. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். பெற்றோருக்கு ஒன்றும் கிடையாது. மனைவி இருந்து பிள்ளை இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. திருமணம் ஆகாதவர் என்றால் எல்லாமே பெற்றோருக்கு. அவர்களும் இல்லையென்றால் அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கு. மனைவி இறந்து கணவன் இருந்தாலும் இதே கணக்குதான்.

அதாவது ஒரு பேரக்குழந்தை பிறந்த நாளிலிருந்து மகனின் சொத்தில் அம்மாவுக்கு இருந்த சட்டப் பங்கு மறைந்துவிடுகிறது. நீதிமன்றத்துக்குப் போய் ஏதாவது கேட்டு வாங்கலாமா என்றால், இறந்தவரின் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்க ஒரு சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் கணவன் மனைவி, திருமணமாகாத மகள், வயது வராத மகன், உடல் மன ஊனத்தால் சம்பாதிக்க முடியாத பிள்ளைகள் மட்டும்தான். பெற்றோர் இல்லை. 1995-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் 60 வயது நிரம்பிய பெற்றோர் தம் பிள்ளைகளிடம் கேட்பதற்குத்தான். ஒரே மகன் போய்விட்டால் மருமகளிடமோ பேரனிடமோ அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

ஒரு குடும்பத்தை வைத்து எல்லா வழிகளையும் ஒப்பிடலாம். கணக்குக்காக நான் கட்டிய குடும்பம்தான். செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கணவன் மனைவி கூட்டு உரிமை. கணவருக்கு 45 வயது, இரண்டு பிள்ளைகளும் பள்ளியில். கூடவே 74 வயது அம்மா; அப்பா காலமாகிவிட்டார். கணவர் பெயரில் வங்கியில் 80,000 வெள்ளி, சிபிஎஃப் எனும் மத்திய சேம நிதியில் 160,000, ஆயுள் காப்புறுதி 200,000.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்

வீடு நேராக மனைவிக்குப் போகும். கூட்டு உரிமையில் ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழு வீடு. அதற்கும் உயிலுக்கும் சம்பந்தமே இல்லை. மீதி 440,000 வெள்ளியில் மனைவிக்கு 220,000, பிள்ளைகளுக்குத் தலா 110,000, அம்மாவுக்குச் சுழியம். அம்மாவின் பெயர் வீவக பதிவில் குடியிருப்பவராக இருக்கலாம். அது அங்கே வசிக்கலாம் என்பதற்குத்தான்; வீட்டில் உரிமை எதையும் தராது.

பணம் கைக்கு வருவதிலும் பாடு இருக்கிறது. உயில் இல்லாதபோது யாராவது ஒருவர் நிர்வாகியாக நியமிக்கப்பட வேண்டும். அதற்கு குடும்ப நீதிமன்றத்தில் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற நிர்வாக ஆணையை வாங்க வேண்டும். வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால் ஒரே ஒரு நிர்வாகி போதாது, குறைந்தது இரண்டு பேர். கணவன் போன துக்கத்தில் இருக்கும் பெண், கொழுந்தனாரையோ தன் அண்ணனையோ கூட்டிக்கொண்டு கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும். கொழுந்தனாரோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளும் உண்டே! பிள்ளைகளின் பங்கை அவர்களுக்கு 21 வயது ஆகும்வரை அவர்களுக்காகத் தனியே காக்கும் அறக்கட்டளைப் பணமாகத்தான் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்றவள்தானே என்று மனைவி அதை வீட்டுச் செலவில் கலந்துவிட முடியாது.

சிபிஎஃப் பணம் இந்த நீதிமன்ற வழியில் வராது. பணம் யாருக்கு என்று முன்கூட்டியே பதிந்து வைப்பதுதான் நியமனம்; அதைச் செய்யாமல் இறந்தால் பணம் அரசாங்கத்தின் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், அங்கே உறவு முறைகளைச் சரிபார்த்து, கட்டணம் கழித்துக்கொண்டு, மேலே சொன்ன அதே விகிதத்தில் பிரித்துக் கொடுப்பார்கள்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி என்பதே தன் விருப்பம், பெற்றோர் காலமாகிவிட்டார்கள் அல்லது வசதியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பவருக்கு. சொத்து வங்கிப் பணம் போன்றதாக 50,000 வெள்ளிக்குள் இருந்து சச்சரவும் இல்லாவிட்டால் நீதிமன்றம் போகாமல் பொது அறங்காவலரிடமே ஒப்படைத்துவிடலாம். சிங்கப்பூரில் மரணச் சொத்து வரியும் 2008 பிப்ரவரி 15 முதல் இல்லை. ஆக, ஒன்றும் செய்யாமல் விடுவது எல்லாருக்கும் ஆபத்து என்று பயமுறுத்த நான் தயாராக இல்லை.

சிபிஎஃப், காப்புறுதி நியமனம்

என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான், உயில் அப்புறம். காரணம் எளிது. நம் குடும்பத்தின் 440,000 வெள்ளியில் 360,000 இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. சிபிஎஃப் பணத்தை உயிலில் எழுதினாலும் செல்லாது. வக்கீல் வைத்து எழுதினாலும் செல்லாது. நியமனம் ஒன்றே வழி. இலவசம், சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளத்தை வைத்து இணையத்திலேயே செய்யலாம், 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும், சாட்சிகள் பணம் பெறுபவர்களாக இருக்கக் கூடாது. அம்மாவுக்கு 25 விழுக்காடு என்று போட்டால் 40,000 வெள்ளி அவர் கைக்கே போகும்.

இங்கேதான் ஒரு பொறி. முதல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எத்தனையோ பேர் அம்மா பெயரைப் போட்டு வைத்திருப்பார்கள். பதிவுத் திருமணம் ஆனதும் அந்த நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். 'அம்மா பேருதான் ஏற்கெனவே இருக்கே' என்று அவர் நிம்மதியாக இருப்பார். பிறகு பிள்ளை பிறக்கும். கணக்கு மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். விவாகரத்து இதற்கு நேர் எதிர்: அது நியமனத்தை ரத்து செய்யாது. பிரிந்து போன மனைவியின் பெயரை எடுக்காமல் விட்டால் பணம் அவருக்கே போகும், இரண்டாம் மனைவி என்ன அழுதாலும்.

காப்புறுதியில் இரண்டு விதம் உண்டு; 2009 செப்டம்பர் முதல் இந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. ஒன்று அறக்கட்டளை நியமனம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே போட முடியும், பொதுவாகக் கடன்காரர்கள் தொட முடியாது. ஆனால் போட்டபின் அவர்கள் சம்மதம் இல்லாமல் நீங்களே மாற்ற முடியாது, பாலிசிப் பணத்தை உயிரோடு இருக்கும்போது எடுத்துக்கொள்ளவும் முடியாது. சொந்தத் தொழில் செய்து, கடன் பயம் உள்ளவருக்கு இது நல்லது. மற்றொன்று மாற்றக்கூடிய நியமனம். அம்மா, தங்கை, யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாதச் சம்பளக்காரருக்கு இரண்டாவதே போதும் என்பது என் எண்ணம். நம் கணக்கில் அம்மாவுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் இன்னொரு 40,000 வெள்ளி.

இவ்வளவையும் செய்தபின் சட்டப்படி பிரிய மிச்சம் இருப்பது வங்கியில் உள்ள 80,000 மட்டும்: மனைவிக்கு 40,000, பிள்ளைகளுக்குத் தலா 20,000. அம்மாவிடம் 80,000 இருக்கிறது. வக்கீலுக்கு ஒரு காசு கொடுக்கவில்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. சிபிஎஃப் முதலீட்டுத் திட்டத்தில் வாங்கிய யூனிட் டிரஸ்ட், பங்குகள் நியமனத்தில் சேராது. சிபிஎஃப் பணத்தில் வாங்கிய வீடும் சேராது. கூட்டு உரிமை வீடு மேலே சொன்னபடி மற்றவருக்கே போகும்; மீதி எல்லாம் மற்ற சொத்தோடுதான் போகும்.

கூட்டுப் பெயர்

நம் ஊரில் அதிகம் பேர் அறிந்தும் அறியாமலும் பிடித்திருக்கும் வழி இது. கூட்டு வங்கிக் கணக்கில் ஒருவர் போனால் மற்றவர் எடுத்துக்கொள்ளலாம், வேகமாக நடக்கும், ஈமச் செலவுக்குக் கை கொடுக்கும். அந்த மட்டில் கணவன் மனைவிக்கு நல்ல ஏற்பாடு.

வயதான அம்மா, ஏடிஎம் போக முடியவில்லை என்று மூன்று பிள்ளைகளில் ஒருவரின் பெயரை மட்டும் கணக்கில் சேர்க்கும்போதுதான் வம்பு. அம்மா போனபிறகு அது அந்த மகளின் பணமா, வசதிக்காகப் போட்ட பெயரா? சச்சரவு நீதிமன்றத்துக்குப் போனால் பணம் யாருடையது, போட்டவரின் நோக்கம் என்ன என்று தோண்டுவார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர் உயிரோடு இருக்க மாட்டார். செலவுக்கு வேண்டிய அளவு மட்டும் கூட்டுக் கணக்கில் வைத்துக்கொண்டு மீதியைத் தனிக் கணக்கில் வைப்பதே புத்திசாலித்தனம்.

வீட்டில் கூட்டு உரிமையா, பங்கு பிரித்த உரிமையா என்று இதுவரை பார்க்காதவர்கள் வீவக இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள். பங்கு பிரித்த உரிமை என்றால் இறந்தவரின் பங்கு கூட்டாளிக்குத் தானாகப் போகாது. உயில் இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் மேலே சொன்ன உயிலில்லா வாரிசுரிமைச் சட்டப்படி. இரண்டாம் திருமணக் குடும்பங்களுக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். கணவன் அல்லது மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளைகளுக்கு, சட்டப்படி தத்தெடுத்திருந்தால் ஒழிய, உயிலில்லாச் சொத்தில் வாரிசுரிமை இல்லை என்பதையும் அந்தக் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டும்: உயிலில் யாருக்கு எழுதினாலும் வீவக வீட்டை அவர் தன் பெயரில் வைத்துக்கொள்ள வீவக விதிகளுக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் விற்றுத்தான் பணத்தைப் பார்க்க முடியும்.

உயில்

நியமனம் இருந்தால் உயில் எதற்கு? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. சிறு பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் இருவருமே இல்லாத நிலையில் யார் வளர்க்க வேண்டும் என்று பாதுகாவலரை அதில் எழுதி வைக்கலாம். எனக்கு இதுவே பெரிய காரணம். சொத்தை நிர்வகிக்கும் நிறைவேற்றுநர் யார் என்று நீங்களே பெயர் சொல்லிவிடலாம். மூன்றாவது, நகை.

நகையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அம்மாவின் நகை மகளுக்கு என்பது நம் வீடுகளில் யாரும் எழுதி வைக்காத விதி. சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு அது தெரியாது. ஒரு பெண் உயில் இல்லாமல் இறந்தால் அவர் கழுத்துத் தாலிக்கொடி முதல் வங்கிப் பெட்டகத்தில் வைத்திருக்கும் கல் அட்டிகை வரை அசையும் சொத்து. பாதி கணவருக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இரண்டு மகன் ஒரு மகள் என்றால் மகளின் பங்கு ஆறில் ஒன்று. 48 சவரன் இருந்தால் 8 சவரன். அட்டிகையை ஆறாக வெட்ட முடியுமா? எடை போட்டு விலை கட்டிப் பணமாகத்தான் தீர்க்க வேண்டும், அதற்குள் மருமகள்கள் முகம் திரும்பியிருக்கும். பெட்டகம் அம்மா ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் நீதிமன்ற ஆவணம் இல்லாமல் திறக்கவும் விட மாட்டார்கள். உயிலில் 'சிவப்புக்கல் அட்டிகை இன்னாருக்கு, நாலு வளையல் இன்னாருக்கு' என்று பெயரும் அடையாளமும் சொல்லி எழுதிவிட்டால் தீர்ந்தது. இன்னும் சுலபம், கையால் போட்டு அழகு பார்க்கும்போதே கொடுத்துவிடுவது. சிங்கப்பூரில் அன்பளிப்புக்குத் தனி வரி கிடையாது. (வீட்டை இப்படிக் கொடுக்கலாமே என்று நினைத்தால், அதற்கு முத்திரை வரி சந்தை விலைக்கே கட்ட வேண்டும். நகை வேறு, வீடு வேறு.)

உயில் எழுத 21 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்கும்போது கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். பொதுவாக இது சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. பக்கத்தில் நிற்கும் மருமகளையே சாட்சியாக்கிவிடுவார்கள். உயில் செல்லும், ஆனால் மகனுக்கு எழுதியது செல்லாது. சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு சட்டப்படி வெற்று. பக்கத்து வீட்டு ஆன்ட்டியையும் அவர் மகனையும் கூப்பிடுங்கள். சாதாரண உயிலுக்கு வக்கீல் சில நூறு வெள்ளி கேட்பார். உயில் இல்லாமல் பிறகு நீதிமன்ற வேலை செய்ய ஆயிரங்களில் ஆகும்.

சிபிஎஃப் நியமனம் போலவே உயிலும் திருமணமானால் ரத்து. 'எல்பிஏ எழுதிட்டேன், அது போதும்' என்பவர்களுக்கு: உங்களுக்காக முடிவெடுக்க ஒருவருக்கு உரிமை தரும் அந்த நீடித்த அதிகாரப் பத்திரம் நீங்கள் நினைவு தப்பிய நிலையில் உயிரோடு இருக்கும்வரைதான். இறந்த கணத்தோடு அது முடிந்தது.

ஊரில் நிலம் இருந்தால்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மனையோ தோப்போ உங்கள் பெயரில் இருந்தால் சிங்கப்பூர்ச் சட்டம் அதைத் தொடாது. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம். இந்து ஆணாக இருந்தால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மகன், மகள், மனைவி, தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், சமபங்கு. நம் செங்காங் குடும்பத்துக்கு அந்த மனை நாலு பங்காகும், ஒரு பங்கு அம்மாவுடையது. ஒரே மனிதர், ஒரே மரணம்: செங்காங்கில் அம்மாவுக்குச் சுழியம், தஞ்சாவூரில் கால் பங்கு! கிறிஸ்தவராக இருந்தால் 1925-ஆம் ஆண்டுச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, அம்மாவுக்கு இல்லை.

இந்திய நிலத்துக்குத் தனியாக ஓர் உயில் எழுதுவதே நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு வரியில் கண் வையுங்கள். உயில்களில் வழக்கமாக முதல் பத்தியிலேயே 'இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்' என்று அச்சடித்தாற்போல இருக்கும். சிங்கப்பூரில் அப்படிக் கையெழுத்துப் போட்டால் ஊரில் எழுதியதும் போய்விடும். 'சிங்கப்பூரில் உள்ள சொத்துகளைப் பொறுத்தவரை' என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

இங்கே வேலை அனுமதியில் இருந்து இறந்துபோகும் தம்பிமார் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். நிரந்தர இருப்பிடம் இந்தியா என்றால் இங்குள்ள வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்தும் இந்திய வாரிசு முறைப்படியே போகும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு

1967-ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அங்கே ஃபராயிள் எனும் இஸ்லாமிய வாரிசுப் பங்கு முறை, ஷரியா நீதிமன்றம் வாரிசுச் சான்றிதழ் கொடுக்கும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு மகளைப்போல இரு பங்கு. அம்மா விடுபடுவதில்லை, இங்கே குறைவது மனைவியின் பங்கு. உயில் எழுதலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குள், அதுவும் வாரிசு அல்லாதவர்களுக்கு. ஆகையால் இவர்கள் நியமனத்தையும் கூட்டு உரிமையையும் மனைவியை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிபிஎஃப் நியமனம் சட்டப்படி செல்லும். மார்க்க நோக்கில் எப்படி என்பதை உஸ்தாதிடம் கேட்டுக்கொள்வது முறை.

யாருக்கு எது முந்தும்

திருமணமாகாதவர், பெற்றோர் உயிரோடு: சிபிஎஃப் நியமனம் மட்டும் போதும், மற்றது தானாகவே பெற்றோருக்குப் போகும். பெற்றோர் இல்லாமல், ஒரு தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளைபோல வளர்ப்பவர்: உயில் கட்டாயம், இல்லாவிட்டால் ஒட்டாத அண்ணனுக்கும் சமபங்கு. புதிதாக மணமாகிப் பிள்ளை இல்லாத தம்பதி: நியமனத்தைப் புதுப்பியுங்கள், சும்மா விட்டால் பாதி மாமனார் மாமியாருக்கு என்பது மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும். பிள்ளையும் வயதான அம்மாவும் உள்ளவர்: நியமனம் இந்த வாரமே, பாதுகாவலருக்காக உயில் அடுத்தது.

உயில் எழுதியவர்கள் சிங்கப்பூரின் உயில் பதிவகத்தில் தகவலைப் பதிந்து வைக்கலாம். அங்கே உயில் இருக்காது, உயில் ஒன்று உண்டு, எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும்தான். நீதிமன்றம் கேட்பது அசலை. அதைச் சொந்தப் பெயரில் உள்ள வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைக்காதீர்கள்; பெட்டகத்தைத் திறக்க அந்த உயிலே தேவைப்படும். நிறைவேற்றுநராகப் போட்டவரிடம் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொல்லி வையுங்கள்.